டர்பன் கடற்கரை: டிசம்பரில் நாலு நாள், மாலை மாலை கடல் குளியல். சரிவருமா?

கார்த்திகை
3 செப்டம்பர், இரவு 9.40

டிசம்பர் 24 முதல் 28 வரை தென்னாப்பிரிக்காவில டர்பன். நான், மனைவி, பிள்ளைகள் ரெண்டு பேர் (7 வயசு, 11 வயசு), அம்மா (68). நார்த் பீச் எதிரே ஓட்டல் பார்த்து வச்சிருக்கேன், இன்னும் பணம் கட்டல. திட்டம் இதுதான்: பகல்ல ஊர் சுத்துறது, நாலு மணிக்கு மேல கடல்ல குளிக்கிறது. கரை முழுக்க சுறா வலை கட்டியிருக்காங்களாம், அதனால எங்க இறங்கினாலும் பயமில்லை. எல்லாம் நடந்து போற தூரம், கார் வேண்டாம். இதுல என்ன ஓட்டை இருக்குன்னு சொல்லுங்க.

உப்புக்காற்று
3 செப்டம்பர், இரவு 10.55

ஓட்டல் இடத்தைத் தவிர மீதி எல்லாமே ஓட்டைதான் தம்பி.

முதலில் தேதி. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே பள்ளி விடுமுறை. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவது டர்பனில்தான். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் கோல்டன் மைலில் (டர்பன் நகரக் கடற்கரைக்கு அந்தப் பெயர்) மணலே தெரியாது. குழந்தைகள் தொலைந்துபோவது அவ்வளவு சகஜம் என்பதால், கையில் பெயரும் பெற்றோர் எண்ணும் எழுதிய பட்டை கட்டி அனுப்புகிறார்கள். போனால் உங்கள் சின்னவனுக்கும் கட்டச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தைத் தொல்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1989 வரை அந்தக் கரை நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது. நல்ல இடம், வலை உள்ள இடம், பாதுகாவலர் நிற்கும் இடம் எல்லாம் வெள்ளையருக்கு. கறுப்பர்களுக்கும் இந்திய வம்சாவளி நம்மவர்களுக்கும் ஒதுக்குப்புறத் துண்டுகள். பெற்றோர் கால் வைக்க முடியாத மணலில் இன்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். புத்தாண்டுக் கூட்டத்தின் பின்னே அந்த வரலாறு இருக்கிறது.

அடுத்தது மாலைக் குளியல். டர்பனில் கடல் காலைக்கு உரியது. டிசம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். ஐந்தரைக்கெல்லாம் கரையில் ஓட்டம், சைக்கிள், அலைச்சறுக்கு எல்லாம் ஆரம்பம். மாலை நான்கு மணி என்பது பெரும்பாலான நாட்களில் காற்று ஏறிய நேரம், கடல் கலங்கிய நேரம். காற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சுறா வலை பற்றி அலைமேடு வந்து சொல்லட்டும்.

அலைமேடு
4 செப்டம்பர், காலை 6.20

கூப்பிட்டதுக்கு வந்துட்டேன்.

வலை சுவர் இல்லை. கரையை மூடிக் கட்டியது என்ற எண்ணத்தோடு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பெரும்பாலான வலைகள் 214 மீட்டர் நீளம், சுமார் 6 மீட்டர் ஆழம். கரையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் தள்ளி, 10 முதல் 14 மீட்டர் ஆழமுள்ள நீரில் இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியை மற்றது மறைக்கும்படி போடுவார்கள். அடியில் தரை வரை போகாது. இரு முனையிலும் திறந்தவெளி. சுறா மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம், சுற்றியும் வரலாம்.

பயப்பட வேண்டியது சுறாவுக்கு இல்லை, நீரோட்டத்துக்கு. கோல்டன் மைல் நெடுக கடலுக்குள் நீளும் பாலங்கள் இருக்கின்றன (அங்கே எல்லோரும் 'பியர்' என்பார்கள்). கரையோரமாக வரும் நீர் பாலத்தின் தூணில் முட்டித் திரும்பி, பாலத்தை ஒட்டியே கடலை நோக்கி ஓடும். அலைச்சறுக்குக்காரர்கள் கையால் துழாவாமல் உள்ளே போவதற்கு அதைத்தான் பிடிப்பார்கள். நீந்தத் தெரியாதவனை அதே ஓட்டம் வாரிக்கொண்டு போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாக இருக்கும். நிறம் கொஞ்சம் கருப்பாகவோ மணல் கலந்த பழுப்பாகவோ தெரியும். நுரை கரைக்கு வராமல் வெளியே நகரும். புதியவர்கள் "இங்கேதான் அலை இல்லை" என்று சரியாக அங்கேயே இறங்குவார்கள்.

கார்த்திகை
4 செப்டம்பர், காலை 8.05

சுறா சுத்தி வரலாம்னா அந்த வலை எதுக்கு? சும்மா மனத் திருப்திக்கா?

அலைமேடு
4 செப்டம்பர், பகல் 1.30

திருப்திக்கு இல்லை. தடுப்பதற்காகப் போடவில்லை, பிடிப்பதற்காகப் போட்டது. கரையோரம் நடமாடும் பெரிய சுறாக்களின் எண்ணிக்கை குறைந்தால் மனிதனோடு மோதும் வாய்ப்பும் குறையும், அவ்வளவுதான் கணக்கு. 1943 முதல் 1952 வரை டர்பனில் சுறா தாக்கி ஏழு பேர் இறந்தார்கள். 1952இல் வலை போட்டார்கள். அதன்பின் டர்பன் குளியல் கரைகளில் சுறாவால் உயிரிழப்பு இல்லை. இப்போது அதைப் பார்த்துக்கொள்வது 1964இல் தொடங்கிய சுறா வாரியம், தலைமையகம் டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்காவில்.

இதற்கு விலையும் உண்டு. டால்பின், ஆமை, திருக்கை எல்லாம் அதே வலையில் சிக்கிச் சாகின்றன. அதனால் சில இடங்களில் வலையைக் குறைத்து, தூண்டில் கட்டிய மிதவைகள் வைக்கிறார்கள். வாரியத்தில் சுறாவை அறுத்துக் காட்டி விளக்கும் நிகழ்ச்சி பார்வையாளர்களுக்கு நடத்துவார்கள், எல்லா நாளும் இருக்காது, நாளைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். பதினொரு வயசுக்காரனுக்கு அது மறக்காது. ஏழு வயசுக்கு ரத்தம் பிடிக்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டத்தில் சிக்கினால்: எதிர்த்து நீந்தாதே. மல்லாந்து மித, கையைத் தூக்கு. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பாலத்துக்கு எதிர்த்திசையில் நகர். அலை உடையும் இடம் வந்ததும் அந்த அலையோடு கரைக்குத் திரும்பு. பிள்ளைகளுக்கு ஓட்டல் அறையிலேயே சொல்லிக் கொடுங்கள், தண்ணீருக்குள் காதில் விழாது.

சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியல். கொடி ஒரே இடத்தில் நிற்காது. மணல் திட்டு நகர நகரப் பாதுகாவலர்கள் கொடியையும் நகர்த்துவார்கள். நேற்று குளித்த இடம் என்று இன்று இறங்கக் கூடாது. முழுச் சிவப்பு பறந்தால் அன்று குளியல் இல்லை.

உப்புக்காற்று
4 செப்டம்பர், இரவு 9.15

காற்று. டர்பனுக்கு இரண்டே காற்று என்று வைத்துக்கொள்ளலாம்: வடகிழக்கு, தென்மேற்கு. கரை ஏறத்தாழ அதே வாக்கில் கிடப்பதால் இரண்டும் கரையை நீளவாக்கில் உரசிக்கொண்டு போகும்.

விடியற்காலை நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. கடல் கண்ணாடி மாதிரி, அலை ஒழுங்காக மடியும். வெயில் ஏற ஏற, பத்து பதினொரு மணிக்கு மேல் வடகிழக்கு எழும். நல்ல வெயில் நாள் என்றால் பிற்பகலில் மணல் காலில் குத்தும் அளவுக்கு வீசும். இரண்டு மூன்று நாள் இப்படியே வலுத்துக்கொண்டு போகும், பிறகு ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் பின்னாலேயே தென்மேற்கு வந்து மோதும். சில நிமிடங்களில் காற்று திரும்பி, வெப்பம் சரிந்து, மேகம், மழை. கரையில் குடை விரித்திருந்தால் குடை போன திசை தெரியாது.

குளிர்காலத்தில் இன்னொன்றும் உண்டு, மலைக்காற்று. உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் வறண்ட காற்று. ஜூலையில் திடீரென 30 டிகிரிக்கு மேல் போகும் நாள் அதனால்தான். "குளிர்காலம்னு சொன்னாங்க, வேர்க்குதே" என்று சந்தோஷப்பட்டால் மறுநாள் ஸ்வெட்டர் தேட வேண்டி வரும்.

ஆகவே எந்த நாளும் நிரல் ஒன்றுதான். ஐந்தரை முதல் ஒன்பதரை வரை கடல். அப்புறம் நிழல், மீன் காட்சியகம், சந்தை, கோயில். மாலையில் கடலோர நடைமேடையில் காலாற நடை, குளியல் இல்லை. நடைமேடை தெற்கே உஷாகா கடற்கரைப் பக்கம் தொடங்கி வடக்கே உம்ங்கேனி ஆற்று முகத்துவாரம் பக்கம் வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர், சமதளம், படி கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் பயமில்லை.

மசாலாப்பெட்டி
5 செப்டம்பர், காலை 10.40

வடகிழக்குக் காற்று என்றதும் புளூபாட்டிலை (சொறிமீன் மாதிரிக் கொட்டும் கடல் உயிரி) சொல்லாமல் விட்டுட்டீங்களே அண்ணே.

கட்டைவிரல் அளவு நீலக் காற்றுப்பை, கீழே நூல் மாதிரி வால். காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்த மறுநாள் காலை மணலில் வரிசையாகக் கிடக்கும். செத்துக் காய்ந்தாலும் வால் கொட்டும். பிள்ளைகள் பலூன் என்று மிதித்து வெடிக்கப் பார்ப்பார்கள். ஈர மணலில் நீலமாக நாலைந்து பார்த்தாலே அன்று தண்ணீருக்குள் அதைவிட அதிகம் என்று புரிந்துகொள்ளணும். அன்னைக்கு நீச்சல் குளம்தான்.

பட்டுவிட்டால் வினிகர் ஊற்றணும்.

அலைமேடு
5 செப்டம்பர், பகல் 12.10

அக்கா, வினிகர் வேண்டாம். அது வேறு வகைச் சொறிமீனுக்கு. புளூபாட்டில் கொட்டினால்:

ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிடுங்கள், கையில் துணி சுற்றிக்கொண்டோ சிப்பி ஓட்டாலோ. கடல் நீரால் கழுவுங்கள். மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் வெடிக்காமல் இருந்த கொட்டும் செல்களும் வெடிக்கும். பிறகு சூடு. 45 டிகிரி அளவு வெந்நீரில் 20 நிமிடம் முக்கி வைக்கணும், இல்லையென்றால் அறைக்கு ஓடிப்போய் சூடான ஷவரில் நிற்கணும். பெரியவர் கையில் முதலில் சூடு பார்த்த பிறகுதான் குழந்தைக்கு. வெந்நீர் கிடைக்காத இடத்தில் ஐஸ் வலியைக் கொஞ்சம் மந்தமாக்கும். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, கொட்டு உடம்பில் பெரும் பகுதியில் இருந்தாலோ நேரே பாதுகாவலரிடம் ஓடுங்கள்.

மசாலாப்பெட்டி
5 செப்டம்பர், பகல் 12.25

திருத்திக்கிட்டேன். வினிகரை ஊறுகாய்க்கே வச்சுக்கிறேன்.

உப்புக்காற்று
5 செப்டம்பர், இரவு 8.50

நேற்று எழுதியதில் பெரிய ஒன்றை விட்டுவிட்டேன். மழை.

டிசம்பர், ஜனவரி அங்கே மழைக்காலம். மழை பெய்தால் ஊர் அழுக்கு முழுவதும் வடிகால் வழியாக நேராகக் கரைக்கு வரும். உம்ங்கேனி ஆறும் வடக்கு முனையில்தான் கடலில் கலக்கிறது. ஏப்ரல் 2022 பெருவெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்துபோய், அதன்பின் கரைகளைத் திரும்பத் திரும்ப மூட வேண்டி வந்தது. இ.கோலி கிருமி அளவைப் பார்த்து எந்தக் கரை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சி அறிவிக்கும். ஓட்டலுக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு தடவை, இறங்கும் காலையில் இன்னொரு தடவை அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

நல்ல மழைக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள், முடிந்தால் மூன்று நாள் கடலில் இறங்காதீர்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தால் பட்டியல் என்ன சொன்னாலும் வேண்டாம். கலங்கல் நீர் சுறாவுக்கும் பிடித்த நீர், அது இன்னொரு காரணம். வடிகால் வாய் மணலில் ஓடை மாதிரி ஓடும், அதில் பிள்ளைகள் அணை கட்டி விளையாட ஆசைப்படும். விடவே கூடாது.

நான்கு நாள் பயணத்தில் இரண்டு நாள் மழைக்குப் போனால் மிச்சம் என்ன? டிசம்பரை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் கூட்டம் இல்லை, இதுதான்.

கார்த்திகை
6 செப்டம்பர், காலை 7.30

வீட்ல பேசினோம். மே மாசம் பிள்ளைகளுக்கு லீவு. ஆனா அங்க அப்போ குளிர்காலம் ஆரம்பம்னு படிச்சேன். கடல்ல இறங்க முடியுமா? ஜூன்ல மத்தி மீன் ஓட்டம்னு ஒண்ணு வருதாமே, அதைப் பார்க்கலாமா?

உப்புக்காற்று
6 செப்டம்பர், இரவு 9.20

மே மாதம்தான் என் முதல் பரிந்துரையாக இருந்திருக்கும், நீங்களே வந்துவிட்டீர்கள்.

'குளிர்காலம்' என்ற சொல் அங்கே ஏமாற்றும். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையோரம் வெதுவெதுப்பான அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. அதனால் கோடையில் கடல் 25 டிகிரிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், நடுக் குளிர்காலத்தில்கூட 20ஐ ஒட்டி. மே மாதம் இரண்டுக்கும் நடுவே. பகல் காற்று 24, 25 டிகிரி, மழை குறைவு, காற்றும் அடங்கியிருக்கும். விடியல் மட்டும் 14, 15க்கு இறங்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை போதும்.

நேரக் கணக்கு மாறும். மே நடுவில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வரும், ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். எனவே கடல் ஏழு முதல் பதினொன்று வரை. சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டு என்பதை மனதில் வைத்தே வெளியே கிளம்புங்கள்.

ஏப்ரல் 27 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள். அந்த வாரத்தில் உள்ளூர்க் கூட்டம் வரும். மே 5க்கு மேல் வைத்தால் கரை உங்களுக்கே.

மத்தி ஓட்டம் பெரும்பாலும் ஜூன், ஜூலையில். எந்த நாள், எந்தக் கரை என்று யாராலும் சொல்ல முடியாது. சில வருடம் கரைக்கே வராமல் ஆழத்தில் போய்விடும். வந்தால் காட்சி அற்புதம்: கன்னட் பறவைகள் அம்பு மாதிரி விழும், மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள், சனம் வாளியோடு ஓடும். ஆனால் மத்தியைத் துரத்தி டால்பினும் சுறாவும் வரும். அவை வலையில் கொத்தாகச் சிக்காமலிருக்க வாரியம் சுறா வலைகளைத் தூக்கிவிடும். வலை இல்லாத கரையில் குளியல் தடை. ஆகவே மத்தியா, குளியலா, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகளோடு போகிறவருக்கு மே.

அலைமேடு
7 செப்டம்பர், காலை 6.45

கரைகளை ஒரே மாதிரி நினைக்க வேண்டாம். ஏறத்தாழ தெற்கிலிருந்து வடக்காக:

வெட்ச்: துறைமுக வாயை ஒட்டியது. 1860களில் கேப்டன் வெட்ச் என்பவர் வரைந்த திட்டப்படி அலைத்தடுப்பு கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள். அந்தக் கல் குவியல்தான் இன்று பாறைத்திட்டு. அதன் மறைவில் நீர் அடங்கியிருக்கும், தெளிந்த நாளில் கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கலாம். ஆனால் படகு இறக்கும் இடமும் அதுவே, படகுப் பாதையில் நீந்தக் கூடாது.

உஷாகா: ஏழு வயசுக்காரனுக்கு இதுதான். அலை தணிந்து வரும், பின்னாலேயே 2004இல் திறந்த கடல் உயிரினப் பூங்கா. மீன் காட்சியகத்தைப் பழைய கப்பல் உடைந்து கிடப்பது மாதிரி கட்டியிருக்கிறார்கள், சாய்ந்த தளம், இரும்பு வாசல்கள், கீழே இறங்க இறங்க இருட்டு. காற்று ஏறும் பதினொரு மணிக்கு அங்கே நுழைந்தால் நாள் சரியாக அமையும்.

சவுத் பீச், நார்த் பீச்: கூட்டமும் வசதியும் இங்கேதான். நார்த் பீச்சில் ரேச்சல் ஃபின்லேசன் உப்புநீர்க் குளம் இருக்கிறது. கடலில் இறங்கத் தயங்குகிற அம்மாவுக்கு ஏற்றது. அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

பே ஆஃப் பிளென்ட்டி, டெய்ரி: பாலத்தை ஒட்டி அலைச்சறுக்குக்காரர்கள். பலகை தலையில் படும், குளிப்பவர் அவர்கள் எல்லைக்குள் போக வேண்டாம். பதினொரு வயசுக்குச் சறுக்கு கற்றுக்கொடுப்பவர்கள் உண்டு, மென்மையான நுரைப்பலகையில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

சன்கோஸ்ட் சூதாட்ட விடுதிக்கு வடக்கே ஆற்று முகத்துவாரம் வரை: நடக்க அழகு, குளிக்க நான் சொல்ல மாட்டேன்.

மணல் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால்: அங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், துறைமுக வாய் அதை மறிக்கிறது. அதனால் வாயின் தெற்கே சேரும் மணலை வாரி, குழாய் வழியாகக் கோல்டன் மைலுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஏற்பாடு கொஞ்ச நாள் நின்றாலே கரை ஒல்லியாகும், அலை நடைமேடைச் சுவரில் மோதும். உயர் ஓதத்தில் கரை செங்குத்தாக இருக்கும் நாட்களில் அலை கால் வைக்கிற இடத்திலேயே விழும், கழுத்தெலும்பு உடைவது அப்படித்தான். அலைக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மசாலாப்பெட்டி
7 செப்டம்பர், மாலை 4.00

கடலே பேசிக்கிட்டிருந்தா எப்படி? சாப்பாடும் கோயிலும் என் பங்கு.

1860 நவம்பர் 16, சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்த நாள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை சுமார் 1,52,000 பேர் வந்தார்கள், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியே வந்த தமிழரும் தெலுங்கரும். இன்று கடைப் பலகையில் கோவெண்டர், மூட்லி, பிள்ளே, படயாச்சி, நாயுடு என்று பார்ப்பீர்கள். கவுண்டர், முதலி, பிள்ளை, படையாட்சி எல்லாம் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. தமிழில் பேச ஆரம்பிச்சா பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். தமிழ் வரலையேன்னு யாரையும் குத்திக் கேட்காதீங்க. மொழி போனாலும் ஆடிக் கூழ் போகல, 'பாரிஜ் ப்ரேயர்' என்று சொல்லி மாரியம்மனுக்கு ஊற்றுகிறார்கள். புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகள் ஏராளம்.

கேட்டோ மேனர் பகுதியில் அம்பலவாணர் ஆலயம். முதலில் 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்தது, 1905 வெள்ளம் கொண்டுபோனது, பிறகு இப்போதைய இடத்தில் எழுப்பினார்கள். பழைய கோயிலின் செதுக்கிய கதவுகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் நின்று அந்த மரத்தைப் பாருங்கள், வெள்ளம் தாண்டி வந்த மரம். ஈஸ்டரை ஒட்டித் தீமிதி. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய வெள்ளியன்று ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அன்று எல்லோருக்கும் விடுமுறை என்பதால் நம் திருவிழா அந்த நாளில் நிலைத்துவிட்டது. நீங்கள் மே மாதம் போவதால் இரண்டும் கிடைக்காது. கோயில் அமைதியாக இருக்கும், அம்மாவுக்கு அதுவே பிடிக்கலாம்.

இனி பன்னி சௌ. முயல் கறி கிடையாது, பயப்பட வேண்டாம். முழு ரொட்டியைக் கால், அரை என்று வெட்டி, நடுவைக் குடைந்து, உள்ளே குழம்பு. "குவார்ட்டர் மட்டன்" என்றால் கால் ஆடு இல்லை, கால் ரொட்டி. ஒருத்தருக்குக் கால் தாராளம். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே மூடி மாதிரி வைத்துத் தருவார்கள், அதைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து முதலில் சாப்பிடணும். பிறகு மேல் விளிம்பிலிருந்து கீழே கிழித்துக்கொண்டு வரணும். அடியையோ பக்கச் சுவரையோ முதலில் கிழித்தால் குழம்பு மடியில். சைவத்துக்கு பீன்ஸ் பன்னி. மொச்சை மாதிரிப் பருத்த பயறு, காரம் நம்ம ஊர்க் காரம். வாங்கின பத்து நிமிடத்துக்குள் சாப்பிடுங்க, ஊறிப்போன ரொட்டி தாங்காது.

கார்த்திகை
7 செப்டம்பர், இரவு 10.10

அக்கா, அம்மா இதைப் படிச்சுட்டு "கதவைப் பார்க்கணும்"னு சொல்லிட்டாங்க. கடல் அப்புறம்தானாம். ஒரு கேள்வி: சார்ஜர் பிளக் அங்க வேலை செய்யுமா?

உப்புக்காற்று
8 செப்டம்பர், காலை 7.50

மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதுதான். துளைதான் பெரிது. நம் வீட்டில் ஏசி, கீசருக்குப் போடும் பெரிய மூன்று உருண்டைக் கால் பிளக் அங்கே சாதாரண பிளக். நம் சின்ன மூன்று கால் பிளக் உள்ளே ஆடும், பிடிக்காது. அடாப்டர் தேடி அலைய வேண்டாம். பெரிய 16 ஆம்பியர் பிளக் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோனால் குடும்பம் முழுவதும் சார்ஜ் போடலாம்.

போக்குவரத்து. விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர், லா மெர்சியில், 2010இல் திறந்தது. பழைய வழிகாட்டிகளில் தெற்கே போட்டிருக்கும், அது மூடிய பழைய நிலையம். கரைக்கு வர செயலி டாக்சி சுலபம். கார் எடுத்தால் நம்மைப் போலவே இடப்பக்கம். பெட்ரோலை ஊழியர்தான் ஊற்றுவார், அவருக்குச் சில ராண்ட் கொடுப்பது வழக்கம். காரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அப்படியே, திரும்பி வந்தபின்.

தெருப் பெயர்கள் குழப்பும். மரின் பரேட் இப்போது ஓ.ஆர். டாம்போ பரேட். பாயின்ட் ரோடு மகாத்மா காந்தி ரோடு. வெஸ்ட் ஸ்ட்ரீட் பிக்ஸ்லி காசேமே ஸ்ட்ரீட். கிரே ஸ்ட்ரீட் யூசுப் தாதூ ஸ்ட்ரீட். வரைபடம் புதியதைச் சொல்லும், வழி கேட்டால் பெரியவர்கள் பழையதைச் சொல்வார்கள். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் நடந்து போற தூரம்" என்று முதலில் எழுதியிருந்தீர்கள். நடைமேடையில் பகலில், கூட்டத்தோடு, ஆமாம். விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தைக்கும் நகர நடுவுக்கும் காரில் போய், காரிலேயே திரும்புங்கள், மதியத்துக்குள். இருட்டிய பிறகு நடை வேண்டாம், இரண்டு தெரு தள்ளி என்றாலும் வண்டி. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வழி பார்த்து நடக்காதீர்கள், கடைக்குள் நுழைந்து பாருங்கள். ஏடிஎம்மில் உதவி செய்ய வருகிறவர் எவ்வளவு மரியாதையானவராக இருந்தாலும் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கடலுக்குப் போகும்போது பாஸ்போர்ட் ஓட்டல் பெட்டகத்தில்.

சிம் கார்டுக்கு பாஸ்போர்ட்டோடு தங்கும் முகவரியும் கேட்பார்கள், ஓட்டல் உறுதிச் சீட்டை அச்சடித்து வைத்திருங்கள்.

அலைமேடு
8 செப்டம்பர், இரவு 8.30

அண்ணன் விட்ட இரண்டு. நடைமேடையில் மணியும் மாட்டுக்கொம்பும் அலங்கரித்த ரிக்‌ஷாக்காரர்கள் நிற்பார்கள். 1892 முதல் இருக்கும் தொழில், இப்போது கொஞ்சப் பேர்தான். பிள்ளை ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்கும், நீங்கள் படம் எடுப்பீர்கள், அதற்கும் காசு உண்டு. முதலில் விலை பேசிவிட்டு எடுங்கள். நியாயமாகக் கொடுங்கள், அந்தத் தலைக்கவசத்தின் கனத்தைத் தூக்கிப் பார்த்தால் பேரம் பேசத் தோன்றாது.

இரண்டாவது, உம்ஷ்லாங்கா பக்கம் தங்கினால் குரங்கு. ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும், பழக்கூடை போய்விடும்.

உப்புக்காற்று
9 செப்டம்பர், காலை 6.30

விசா, மஞ்சள் காய்ச்சல் சேர்க்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும், உள்ளே இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். வளைகுடா வழியாகப் போனால் இந்தத் தலைவலி இல்லை. அம்மாவின் வயதுக்கு அந்த ஊசி போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், அதனாலும் வளைகுடா வழியே நல்லது. டர்பனில் மலேரியா இல்லை. வடக்கே மொசாம்பிக் எல்லைப் பக்கம் காட்டுக்குப் போவதாக இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

கார்த்திகை
9 செப்டம்பர், இரவு 9.05

டிசம்பர் ரத்து. மே 8 முதல் 13, அஞ்சு ராத்திரி. காலை ஏழு முதல் பதினொண்ணு கடல், உஷாகா பக்கம், கொடிக்கு நடுவுல. முதல் நாளே அம்பலவாணர் கோயில். மழை பெஞ்சா சுறா வாரியம். பெரிய பிளக் வச்ச பலகை வாங்கியாச்சு. வேற ஏதாவது?

மசாலாப்பெட்டி
9 செப்டம்பர், இரவு 9.20

சுறா வாரியத்தை மழை நாளுக்குன்னு வைக்காதே தம்பி, நிகழ்ச்சி வாரத்தில் சில நாள்தான். முதலில் அந்த நாளைக் கேட்டு எழுதிக்கோ, மத்ததை அதைச் சுத்தி அடுக்கு.